ஸ்டெல்லா விட்டுப்போன ஒன்பது வரிகள்

மும்பையில் செம்பூர் போகும் பஸ்ஸில், சயானைத் தாண்டிய நெரிசலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னோடு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பாண்டி அண்ணாச்சி போன் செய்தார். வேலை நேரத்துக்கு முன்னால் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"எங்கனம்மா இருக்கே?"

"பஸ்ஸுல அண்ணாச்சி."

"உக்காந்திருக்கியா?"

"இந்த பஸ்ஸுல எனக்கு எவன் எடம் குடுத்தான்? என்ன விஷயம், சொல்லுங்க."

"ஸ்டெல்லா போயிட்டாம்மா. விடியக்காலம்" என்றார்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு அழுகை வரவில்லை. என் மேசையின் கடைசி டிராயரில், பழைய கேட்டலாகுகளுக்கு அடியில், இரண்டு மாதமாகத் திறக்காமல் வைத்திருந்த ஒரு ரெஜிஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டேன் என்று ஸ்டெல்லாவிடம் பொய் சொல்லியிருந்தேன். இனி அந்தப் பொய்யைத் திருத்த ஆள் இல்லை. "ஆகே சலோ, ஆகே சலோ" என்று கண்டக்டர் விரட்ட, முன்னே நகர்ந்தேன். சுன்னாபட்டி வந்த பிறகுதான் அழுதேன். பக்கத்தில் நின்ற மராத்திப் பெண் எதுவும் கேட்காமல் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் சீத்தா கேம்ப் மாதா கோயிலில் ஸ்டெல்லாவின் பாட்டைக் கேட்டவர்கள். மீதிப் பேர் பரிசோதனைக்கூடத்தில் அவளுடைய ஏச்சைக் கேட்டவர்கள். எனக்கு அவள் பதினோரு வருஷம் பக்கத்து ஸ்டூல். அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம், என் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தங்கியது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே டெக்னீஷியன் வேலை, ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் என்னை முத்துலட்சுமி என்று ஒரு தடவைகூட முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நல்ல நாளில் முத்து, மற்ற நாளில் பயந்தாங்கொள்ளி. பெயர் பொருத்தமானதுதான். லிப்டுக்குப் பயம், மேடத்துக்குப் பயம், தபாலில் வரும் எந்த உறைக்கும் பயம்.

எங்கள் வேலை என்னவென்று கோயில் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது புரியாது. நொதி என்பது உடம்புக்குள் வேலை செய்கிற ஒருவகைப் புரதம். சில நொதிகள் புற்றுநோய் வளரும் இடத்தில் அளவுக்கு மீறி வேலை செய்து, சுற்றியிருக்கும் சதையை வெட்டிக் கட்டிக்கு வழி திறந்துவிடும். அந்த நொதி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நாங்கள் ப்ரோப் என்ற ஒரு ரசாயனத்தைப் பயன்படுத்துகிறோம். அதில் ஒளிரும் துண்டு ஒன்று, அதை ஒளிரவிடாமல் அடக்கும் துண்டு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணி. நொதி வந்து கண்ணியை வெட்டினால் பச்சை வெளிச்சம் வரும். நொதி சும்மா இருந்தால் இருட்டு. ஒருமுறை பார்வையாளராக வந்த கல்லூரிப் பெண்களுக்கு ஸ்டெல்லா இதை இப்படி விளக்கினாள்: "ஒருத்தி வாயை இன்னொருத்தி பொத்திட்டு இருக்கா. அந்தக் கையைத் தட்டிவிட்டா அவ கத்துவாள்லா? அந்தச் சத்தம்தான் நாங்க பாக்குற வெளிச்சம்."

நீளமான தட்டு ஒன்றில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். நோயாளியின் திசுவிலிருந்து எடுத்த சாறும் ப்ரோப்பும் போட்டு, சில குழிகளில் புதிய மருந்துகளையும் விடுவோம். மருந்து நொதியை அடக்கினால் அந்தக் குழி இருண்டுபோகும். அப்படி ஒரு குழி இருண்டால் அந்த மருந்தை மேற்கொண்டு ஆராயலாம் என்று பொருள். நாங்கள் கைதட்டுவோம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாவ. நமக்கு வெளிச்சமெல்லாம் பேய்ட்டி" என்பாள் ஸ்டெல்லா. அப்போது இருவரும் சிரித்தோம்.

எங்கள் தலைவி கல்யாணி மேடம் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். வாய்ப்புற்றுக்கு ஒரு ப்ரோப் செய்தால் இந்த ஊருக்கு உபயோகமாக இருக்கும் என்று அவர்தான் தொடங்கினார். கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் மெல்லிய பிரஷ்ஷால் வழித்து, அந்தச் செல்களில் வெளிச்சம் பார்ப்பது திட்டம். நோயாளியின் செல் எவ்வளவு ஒளிர்கிறது என்று சொல்ல வேண்டுமானால், பக்கத்தில் நோயில்லாதவரின் செல்லும் வேண்டும். நோயில்லாதவரைத் தேடி எங்கே போவது? எங்களைப் போன்ற சின்னக் கூடங்களில் வழக்கம் ஒன்றுதான். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாங்களே வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்போம். எங்களுக்கு நார்மல் என்று பெயர்.

முதல் தடவை அந்த நார்மல் எல்லாமே தீபாவளி மாதிரி எரிந்தது. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னடி இது, நார்மலே இப்படி எரியறது? ப்ரோப்பைத் தூக்கிக் குப்பையில போடவேண்டியதுதானா?" நான்தான் எதையோ மாற்றி ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஸ்டெல்லா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மீன் குழம்பில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, ப்ரோப்பே இல்லாத வெறும் குழியில் விட்டு, மெஷினுக்குள் தள்ளினாள். பச்சையாக எரிந்தது. "மஞ்சள், மேடம்" என்றாள். "எல்லாரும் சாப்பிட்டுட்டு வந்து வாயைத் திறந்திருக்கோம்." மேடத்துக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "சரி, கண்டுபிடிச்சுட்டே. அதுக்காக லேப் மெஷின்ல மீனா!" என்றார். இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்றைக்குத்தான் ஸ்டெல்லா எங்கள் கூடத்தில் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னாள். மெஷின் ஒவ்வொரு நிமிடமும் வெளிச்சத்தை அளந்து திரையில் ஒரு கோடு போடும். மஞ்சள் முதல் நிமிடத்திலேயே உயரத்தில் இருக்கும், கடைசிவரை அங்கேயே நிற்கும். நொதியின் கோடு தாழ்வில் தொடங்கி ஏறும். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். "நம்பரைப் பாக்காதட்டி, ஏறுதான்னு பாரு. நிக்கிறதுக்குப் பயப்படாண்டாம். ஏறுறதுக்குத்தான் பயப்படணும்."

அதன்பிறகு விதி வந்தது. நார்மல் கொடுப்பவர்கள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். புகையிலை பழக்கம் இருக்கக் கூடாது. ஒருநாள் ஒன்பது பேர் வாஷ்பேசின் பக்கம் வரிசையில் நின்றோம். ரெஜிஸ்டரில் பேர் கிடையாது, ஒன்று முதல் ஒன்பதுவரை எண் மட்டும். ஆனால் நின்ற வரிசைதான் எண், அதனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான் நாலு. ஸ்டெல்லா ஏழு. எட்டுப் பேர்தான் தேறினோம், ஒரு ஆள் குறைகிறதென்று கடைசியில் தட்டு கழுவும் பாண்டி அண்ணாச்சியைப் பிடித்து இழுத்தோம். "புகையிலை போடுவேளா அண்ணாச்சி?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "சேச்சே, விட்டு வருஷமாச்சு" என்றார். அவர் ஒன்பது.

ஸ்டெல்லா கையுறையோடு சிங்க் முன்னால் நின்றாள். மெஷின் பக்கம் என் வேலை. மறுநாள் காலை மேடம் அறிக்கை அனுப்ப வேண்டும். எண்கள் வந்தன. ஏழு குழிகள் இருட்டு, ஏழாவதும் ஒன்பதாவதும் வெளிச்சம். எனக்கு மேடத்தின் முகம்தான் கண்ணில் வந்தது. மறுபடி நார்மல் எரிகிறது என்று போய் எப்படிச் சொல்வது?

"என்னட்டி, முகம் சரியில்ல?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஏழும் ஒம்பதும் எரியுது."

"நானும் அண்ணாச்சியுமா? காலையில பசி தாங்காம பழையதுல ராத்திரி குழம்பை ஊத்தி ரெண்டு வாய் போட்டேன். கொப்பளிச்சேன், போகல போல. அவரும் ஏதாவது தின்னுருப்பாரு. ஏறுதா, நிக்குதா?"

கோட்டைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் திறக்கவில்லை. ஏறுகிறது என்று இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். "நிக்குது" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நேராகத் தன் உருண்டை எழுத்தில் 'மஞ்சள்' என்று எழுதினாள். இரண்டையும் கணக்கிலிருந்து நீக்கினோம். அறிக்கை போய்ச் சேர்ந்தது, மேடம் எங்களுக்குச் சமோசா வாங்கிக் கொடுத்தார். அதில் நான் இரண்டு தின்றேன்.

இரண்டு மழைக்காலம் கழித்து, ஸ்டெல்லாவின் நாக்கு ஓரத்தில் ஒரு புண். பக்கத்தில் அவளுக்கு ஓர் உடைந்த பல் உண்டு, கூர்ப்பல், அதுதான் குத்துகிறது என்றே மூன்று மாதம் இருந்துவிட்டாள். புகையிலையைத் தொட்டதில்லை, வெற்றிலைகூடப் பழக்கமில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாய்ப்புற்றில் தினமும் கை வைக்கிற எங்களுக்கே வரவில்லை என்றால் பாருங்கள். மேடம்தான் ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முடிவு வந்த அன்று மாலை ஸ்டெல்லா என்னிடம் போனில் சொன்னாள்: "முத்து, நான் இனிமே நார்மல் இல்லட்டி." பிறகு தானே சிரித்தாள். ஏழாவது குழி அந்த நொடியே கண்முன் வந்துவிட்டது.

அன்றைக்கே நான் மெஷினில் பழைய கோட்டைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரஷ் வழிப்பில் என்ன தெரியும், ப்ரோப் இன்னும் சோதனையில்தானே இருக்கிறது, அதை வைத்து எந்த டாக்டரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். அதற்கும் கீழே இன்னொரு பயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது கோட்டையும் நான் பார்த்ததில்லை. அது இருட்டு என்று எண் சொன்னது. ஆனால் எண்ணைப் பார்க்காதே என்றுதானே அவள் சொன்னாள்? தினமும் குளியலறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். பாதியில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

ஸ்டெல்லாவின் நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால், வெட்டியெடுக்கும் கட்டியை ஆராய்ச்சிக்குத் தருகிறேன் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு வரும் திசுக்களில் பேர் இருக்காது, குறியீடு மட்டும்தான். அந்த வாரம் ஆறு குப்பிகள் வந்தன. எது அவளுடையது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கூடத்தில் நாங்கள் பார்த்தவரை, கோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் நோய் திரும்பி வருவதுபோல ஒரு போக்கு தெரிந்தது. உறுதி இல்லை, போக்குதான். ஆறில் ஒரு கோடு செங்குத்தாக ஏறியது. நான் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்து, மாதாவே, இது அவளுடையதாக இருக்கக் கூடாது என்று கும்பிட்டேன். எங்கள் வீட்டில் சுடலைமாடனைத் தவிர வேறு தெய்வம் தெரியாது. ஆனாலும் அவளுக்காக அவள் சாமியைத்தான் கூப்பிடத் தோன்றியது. பிறகு, இது வேறு யாரோ ஒருத்தியினுடையதாக இருக்கட்டும் என்றல்லவா வேண்டுகிறேன் என்று உறைத்தது.

ஐந்து மாதத்தில் கழுத்தில் திரும்பி வந்தது.

அதன்பிறகு ஒருநாள் மத்தியானம் அவள் கூடத்துக்கு வந்தாள். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா, கையில் ஒரு ஸ்லேட்டு. பேச்சு குழறும், எங்களுக்குப் புரியும், ஆனால் புதியவர்கள் இருந்தால் எழுதிக் காட்டுவாள். "என் டப்பா இங்கன கெடக்கு, எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றாள். டப்பாவை எடுக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மேடம் அவளுக்கு ஜூஸ் வாங்க ஆள் அனுப்பினார், அண்ணாச்சி விசிறினார், நான் ஸ்டோர் ரூமில் ஒளிந்துகொண்டேன். ஆமாம், ஒளிந்துகொண்டேன். அவள் எந்த பைலைத் திறப்பாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் இருந்தாள். போகும்போது ஸ்டோர் ரூம் கதவைத் தட்டி, அந்த ரெஜிஸ்டரை என் கையில் வைத்தாள். "பாத்துக்கோ" என்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். வீக்கம்தான் தெரிந்தது.

நான் பார்க்கவில்லை. டிராயரில் போட்டு மூடினேன்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய், பேச முடியவில்லை. என்னைக் கண்டதும் ஸ்லேட்டை எடுத்து எழுதினாள்: ரெஜிஸ்டரைப் பாத்தியாட்டி?

"பாத்தேன்" என்றேன்.

என்னையே பார்த்தாள். நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். அவள் அந்த எழுத்தைக் கையால் அழித்துவிட்டு, 'அப்ப சரி' என்று எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்து, நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். என்னைப்போல ஒரு பாவி உண்டா?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இந்தக் கூட்டத்துக்காக ஸ்டெல்லாவின் கையெழுத்து ஒன்றைப் படமெடுத்து மாட்டலாம் என்றார் மேடம். "அவ எழுத்து எவ்வளவு அழகா இருக்கும்! அந்தப் பழைய ரெஜிஸ்டர் உன்கிட்டதானே இருக்கு முத்து, எடுத்துண்டு வா." இனித் தப்ப வழியில்லை. ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, ரெஜிஸ்டரைத் திறந்தேன். என் கண் நேராக நாலாவது வரிக்குத்தான் போனது. எனக்கு முதலில் நான்தான். பென்சிலால் எழுதியிருந்தாள், கை நடுங்கிய எழுத்து:

ஏறலட்டி, பயந்தாங்கொள்ளி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்று 'நிக்குது' என்றது பொய், நான் பார்க்கவேயில்லை என்று ஏழாவது கோட்டைத் திறந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், சாகப்போகிற நிலையில் நாலு மாடி ஏறி வந்து, எனக்காக என் கோட்டைப் பார்த்திருக்கிறாள். ஏழாவது வரியில் 'மஞ்சள்' என்ற வார்த்தையின் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 'ஏறுது' என்று மட்டும். அதைப் பார்க்க முடியாமல் ரெஜிஸ்டரை மூடினேன். மேடத்திடம் முதல் பக்கத்தைக் காட்டினேன், படம் எடுத்துக்கொண்டார். அன்று பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பதினோரு மணி டீ வந்தது. பாண்டி அண்ணாச்சி தன் கிளாஸை ஜன்னலோரம் வைத்து ஆறவிட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் குடித்து முடித்தாயிற்று, அவர் தொடவில்லை.

"என்ன அண்ணாச்சி, டீ பச்சத் தண்ணியா போச்சே" என்றேன்.

"சூடு வாயில பட்டா எரியுதும்மா. காரமும் ஆகல. வயசாச்சுல்லா."

அவர் ஒன்பதாவது ஆள் என்று அப்போதுதான் உறைத்தது. வரிகள் ஒன்பது. நான் இரண்டைத்தான் பார்த்தேன்.

ரெஜிஸ்டரை எடுக்க ஓடினேன். என் வரியைத் தவிர ஒன்று முதல் ஆறு, பிறகு எட்டு, எல்லாவற்றுக்கும் நேராக 'ஏறல' என்று எழுதியிருந்தாள். ஒன்பதாவது வரியில் 'மஞ்சள்' அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்:

ஏறுது. அண்ணாச்சிக்கு உண்மை சொல்ல வராது, உனக்குப் பயம் போகாது. ரெண்டு பேரும் சேந்து போங்க. லேட் பண்ணாத.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டது இதைத்தான். தன்னைப் பற்றியும் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. நான் பார்த்தேன் என்றதும், அண்ணாச்சியைக் கூட்டிப் போயாயிற்று என்று நம்பித்தான் 'அப்ப சரி' என்று எழுதியிருக்கிறாள். இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதமும் அந்தக் காகிதம் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் டிராயருக்குள் இருந்தது. அந்த மனிதர் தினமும் அதே டிராயரைத் தூசி தட்டினார்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். 'நிக்குது' என்று சொன்னதிலிருந்து. அவர் ரெஜிஸ்டரை வாங்கி ஒன்பது வரிகளையும் படித்தார். பிறகு, "ஒரு கோடு ஒருத்தரோட விதியைச் சொல்லாது முத்து. ப்ரோப்புக்கு இன்னும் அவ்வளவு தகுதி வரலை. அன்னைக்கே நீ பார்த்திருந்தாலும் நாம மஞ்சள்னுதான் சொல்லியிருப்போமோ என்னமோ" என்றார். ரெஜிஸ்டரை மூடிவிட்டு, "ஆனா பார்த்திருக்கணும்" என்றார். கடைசி வார்த்தைதான் சரி. அதை யாராவது சொல்ல வேண்டும் என்று நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் ரெஜிஸ்டரைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். 'உண்மை சொல்ல வராது' என்ற இடத்தில் நின்றார்.

"சிறுக்கி கண்டுபிடிச்சிட்டா" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். "விட்டதே இல்லம்மா. ஆள் குறையுதுன்னு எல்லாரும் தவிச்சிய, இல்லைன்னு சொல்லிட்டேன். உள்ள வெள்ளையா ஒண்ணு இருக்கு. ஆறு மாசமா இருக்கு. நான்தான் கண்ணாடியே பாக்கதில்ல."

"நானும்தான் அண்ணாச்சி" என்றேன்.

இருவரும் சேர்ந்து போனோம். புறநோயாளிகள் வரிசையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டைப் பார்த்தார், இன்னும் பெரிதாகவில்லை என்றார், ஒரு துண்டு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். என் வாயையும் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். இதை உங்களிடம் சொல்ல அண்ணாச்சி அனுமதி தந்திருக்கிறார். அதோ, கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அன்று வாஷ்பேசின் பக்கம் நின்ற மற்ற ஆறு பேரும் இந்த அறையில்தான் இருக்கிறீர்கள். உங்கள் வரிகளில் 'ஏறல' என்று இருக்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். போய் வாயைக் காட்டிவிட்டு வாருங்கள்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வது? அவள் டப்பாவை அவள் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். ஸ்லேட்டு அவள் அம்மாவிடம் இருக்கிறது. ரெஜிஸ்டர் மேடத்தின் அலமாரிக்குப் போய்விட்டது, அங்கேதான் இருக்க வேண்டும். எனக்கு அவள் எழுதிய வரியை நான் கேட்கவில்லை. நான் வைத்துக்கொள்வது அவள் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளை. ஏறுதா, நிக்குதா என்பது ஒன்று. பாத்தியாட்டி என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நான் பொய்தான் பதிலாகச் சொன்னேன்.

அண்ணாச்சியின் சோதனை முடிவு வியாழக்கிழமை வருகிறது. பயம் போகாது என்று அவள் எழுதியது உண்மைதான், போகவில்லை. ஆனால் முடிவு வரும் அந்த உறையை அண்ணாச்சி பிரிக்க மாட்டார், நான்தான் பிரிக்க வேண்டும். பிரித்துப் படித்துவிட்டு, அதில் எது எழுதியிருந்தாலும், முதலில் ஸ்டெல்லாவுக்குத்தான் பதில் சொல்வேன்.

பாத்தேன்ட்டி.